கறுப்புப் பெட்டியும் புதுப்பட்டி ஜீப்பும்

ஷேக் மைதீன் ஓட்டிய ஜீப்பில் வேகம் காட்டும் முள் 2001-ஆம் வருஷமே செத்துப்போயிருந்தது. பானட்டுக்குள் குடியிருந்த எலி ஒன்று அதன் கேபிளைத் தின்றுவிட்டது. அன்றைக்கு சைபரில் படுத்த முள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மெக்கானிக் இரண்டு தடவை புதுக் கேபிளோடு வந்தார். "இருக்கட்டுமப்பா. முள்ளப் பாத்தா ரோட்டப் பாக்க முடியாது. ரோட்டப் பாத்தா முள்ளு எதுக்கு?" என்று மைதீன் தட்டிக் கழித்துவிட்டார்.

உண்மையில் அவருக்கு வேறொரு முள் இருந்தது. அது அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கம்பத்தை அடுத்த புதுப்பட்டியிலிருந்து பதினாலு பெண்கள் காலை ஆறு மணிக்கு அவர் ஜீப்பில் ஏறுவார்கள். கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறித்துவிட்டுச் சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேச்சுத்தான். வண்டி நிதானமாகப் போனால் மருமகள் கதை, சாம்பார் கதை, நேற்றுப் பார்த்த சீரியலின் கதை என்று நீளும். கொஞ்சம் விரட்டினால் கதை சுருங்கிக் கேள்வி பதிலாகும். இன்னும் மிதித்தால் கடைசி சீட்டு ராமுத்தாய் முதலில் நிறுத்துவாள், பிறகு நடு வரிசை, எல்லோருக்கும் கடைசியாக முன்சீட்டுச் சுருளியம்மாள். சுருளியம்மாள் வாயை மூடிவிட்டாள் என்றால் வண்டி தறிகெட்டுப் போகிறது என்று அர்த்தம். மைதீனின் வலது கால் தன்னால் பிரேக்குக்குப் போய்விடும். இதை அவர் யோசித்துச் செய்ததில்லை. எப்படி மூச்சு விடுகிறாய் என்று கேட்டால் யாருக்குத்தான் பதில் சொல்லத் தெரியும்?

உத்தமபாளையத்துக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாழைக்காய் லாரியில் கிளீனராகக் கொச்சிவரைக்கும் போய்வந்தவர். அங்கேதான் மலையாளமும் ஸ்டியரிங்கும் ஒன்றாகப் படிந்தன. 1998-இல் இந்த எஸ்டேட் ஜீப்புக்கு வந்தார். பதினோரு வருஷம். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஏறிய ஒருத்திக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. மற்ற டிரைவர்கள் அவரைப் 'பொறுமை பாய்' என்பார்கள். அதில் கொஞ்சம் கேலி இருந்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

2009 செப்டம்பரில், காய் பறிப்பு சூடுபிடித்த நேரத்தில், அந்தப் பெட்டி வந்தது.

எஸ்டேட்டுக்கு நான்கு ஜீப்புகள். கம்பத்தில் இருந்த எஸ்டேட் அலுவலகத்து முற்றத்தில் நான்கையும் வரிசையாக நிறுத்தச் சொன்னார் சூப்பர்வைசர் வைகுண்டராஜ். தேனியில் டிப்ளமோ முடித்துவிட்டு ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் கர்ணன் என்ற இளைஞன் ஒவ்வொரு டேஷ்போர்டிலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திருகி வைத்தான்.

"இது ஜி.பி.எஸ். அண்ணே. மேல சுத்துற சாட்டிலைட்டுகிட்ட நொடிக்கு நொடி கேட்டு, வண்டி எங்கன நிக்கிது, எத்தன வேகத்துல போகுதுன்னு சொல்லிரும். திடீர்னு மிதிச்சா ஒரு தப்பு. திடீர்னு பிரேக் அடிச்சா ஒரு தப்பு. மலையில முப்பத்தஞ்சத் தாண்டுனா ஒரு தப்பு. நூறுலேருந்து கழிச்சுக்கிட்டே வந்து, சனிக்கெழம மார்க்குப் போடும்."

"இந்த வயசுல பரீச்சையா?" என்றார் மைதீன்.

வைகுண்டராஜ் சிரிக்கவில்லை. "அடுத்த மாசத்துலேருந்து மலைக்கு மூணு ஜீப்புத்தான் பாய். மொதலாளி சொல்லிட்டாக. மாசக் கடைசி வாரம் யாருக்கு மார்க்குக் கம்மியோ, அவரு கீழ குடோன் லோடு வண்டிக்கு."

மைதீனுக்குக் குடோன் வண்டியில் ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் 'மார்க்குக் கம்மியாகி மலையிலிருந்து இறக்கப்பட்டவர்' என்ற பேச்சு கம்பத்திலிருந்து உத்தமபாளையம்வரை நடந்தே போய்ச் சேர்ந்துவிடும். பதினோரு வருஷத்துப் பேர் அது.

கர்ணன் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே எதையோ செருகினான். பக்கத்து ஜீப் செல்லப்பாண்டி எட்டிப் பார்த்தான். எதிலும் மூக்கை நுழைக்கிறவன்.

"என்ன தம்பி, சிம் கார்டா?"

"ஆமாண்ணே. விவரத்த ஆபீசுக்கு அனுப்பணும்ல."

கர்ணன் அந்தப் பக்கம் போனதும் செல்லப்பாண்டி மைதீனின் காதைக் கடித்தான். "பாய், சிம்மு இருந்தா அது போனு. போனுன்னா அதுக்குக் காது இருக்கும்ல? வேகத்த அளக்குறானாம், வேகத்த! உள்ள பேசுறத மேல உக்காந்து கேக்குறதுக்குச் செஞ்ச வேல இது."

மைதீன் அதை அப்படியே நம்பிப் பயந்துவிட்டார். தன்னைப் பற்றி அல்ல. அவருடைய ஜீப்பில் பேசப்படும் பேச்சு அப்படி. வைகுண்டராஜ் தலைக்கு மை பூசுவதிலிருந்து, காய் நிறுக்கும் தராசில் யாருடைய கட்டைவிரல் படுகிறது என்பதுவரை அந்தப் பதினாலு வாயிலும் அரைபடாதது கிடையாது. ஒரு வாரத்துப் பேச்சு முதலாளி காதில் விழுந்தால் போதும், ஒருத்தி மிஞ்சமாட்டாள்.

மறுநாள் காலை, ஜீப்பை விட்டு இருபது அடி தள்ளி அவர்களைக் கூட்டி வைத்து, பெட்டியைக் கண்ணாலேயே காட்டினார். "அக்கா, இனிமே வண்டிக்குள்ள யாரும் வாயத் தொறக்காதீக. அதுக்குக் காது இருக்கு."

"எங்கன இருக்கு காது? வழுக்கையா இருக்கு" என்றாள் ராமுத்தாய்.

"சிம்மு போட்டுருக்கான். நானே கண்ணால பாத்தேன்."

சுருளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவள் பொத்தினால் மற்ற பதின்மூன்று வாயும் பொத்தும்.

அன்றிலிருந்து ஜீப் பிணம் ஏற்றிப் போவதுபோலப் போனது. மைதீனுக்கு என்னவோபோல் இருந்தது. சமதளத்தில் போகும்போதே பாதை வேகவேகமாகக் காலடியில் ஓடி வருவதுபோல ஒரு பிரமை. வளைவுக்கு வளைவு, எங்கோ தப்பு நடக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதிப்பார். நேரமாகிவிட்டதே என்று ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். திரும்பவும் பயம், திரும்பவும் பிரேக். பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெட்டிக்குப் பயந்து ஒருத்தியும் 'மெதுவா' என்றுகூடச் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை வைகுண்டராஜ் தாளைப் பார்த்து வாசித்தார். செல்லப்பாண்டி எண்பத்தொன்று. ஷேக் மைதீன் நாற்பத்திரண்டு.

"தப்பா வாசிக்கிறீக சார். மாத்தி வாசிச்சுட்டீக."

"நானா போட்டேன்? சாட்டிலைட்டு போட்டது பாய்."

இரண்டாவது வாரம் முப்பத்தெட்டு.

அதன்பிறகு மைதீனுக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை இல்லை. செல்லப்பாண்டி எந்நேரமும் சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன். அவன் ஜீப்பில் ஏறுகிற பெண்கள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவார்கள். அவனுக்கு எண்பத்தொன்று என்றால் இதில் உள்கை இல்லாமலா? ஒருநாள் சிக்னல் பக்கத்து டீக்கடையில் செல்லப்பாண்டியும் கர்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். செல்லப்பாண்டி ஒரு வடையைப் பிய்த்து அவனுக்குப் பாதி கொடுத்தான். மைதீனுக்கு அந்தப் பாதி வடையே போதுமான சாட்சியாக இருந்தது. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துப் பார்த்தார். துண்டைப் போட்டு மூடினார். மூடியதற்கும் மார்க் கழித்துவிடுமோ என்று பயந்து எடுத்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்தார். அவர் மனைவி ரஃபியாவுக்கு ஏதோ கோபம். பேசாமல் குழம்பை ஊற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மைதீனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"சாப்புடுங்க. எதுக்கு நிறுத்துனீக?"

"நான் எங்க நிறுத்துனேன்?"

"இருவது வருசமாப் பாக்குறேன். நான் வாய மூடுனா ஒங்க கை தன்னால நின்னுரும். பேச ஆரம்பிச்சா அது பாட்டுக்கு உள்ள போகும்" என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மனசு பாதி வடையில் இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை காலையில் கர்ணன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "பெட்டி தப்பாச் சொல்லுதுன்னு ஆபீசுல சத்தம் போட்டீகளாமே. வாங்கண்ணே, கூடவே வந்து பாத்துருவோம்."

சுருளியம்மாளுக்கும் மைதீனுக்கும் நடுவில் அவனை இடுக்கிக்கொண்டு ஜீப் கிளம்பியது. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் மடிக்கணினிக்குப் போனது. ஒவ்வொரு தப்புக்கும் அது 'டிங்' என்று கத்தும் என்றான். பின்னால் பதின்மூன்று பெண்களும் மூச்சுக்கூட விடவில்லை. பெட்டியின் காதோடு இப்போது கர்ணனின் காதும் சேர்ந்திருந்தது.

அடிவாரம் தாண்டி மலை ஏறியதும் ஆரம்பித்தது. டிங். டிங்.

"இப்ப எதுக்குண்ணே பிரேக் போட்டீக?"

"வேகமாப் போயிருச்சுல்ல?"

"இருவத்திரண்டுதான் போச்சு."

"ஒன் பொட்டி அப்புடித்தான் சொல்லும்" என்றார் மைதீன்.

டிங்.

ஐந்தாவது வளைவில் அவர் அடித்த பிரேக்கில், ராமுத்தாயின் தூக்குவாளி மூடி கழன்று, மோர்க்குழம்பு முழுவதும் ஹேமாவதியின் மடியில் கவிழ்ந்தது. ஹேமாவதி கல்யாணமாகி ஆறு மாதமான பெண். அன்றைக்கு என்று தாய்வீட்டுச் சீலையைக் கட்டி வந்திருந்தாள்.

"ஐயோ, எங்கம்மா எடுத்துக் குடுத்த சீல!"

"நானா ஊத்துனேன்? வண்டி ஊத்துச்சு! எங் கொழம்பு போச்சே, அதக் கேக்க ஆளில்ல!"

"தோட்டத்துக்கு எவளாச்சும் இப்புடி மினுக்கிக்கிட்டு வருவாளா?" என்று நடுவில் ஒருத்தி.

"நீ கட்டுனா அழகு, நான் கட்டுனா மினுக்கா?"

சுருளியம்மாளால் எத்தனை நேரம்தான் பொறுக்க முடியும்? மூன்று வாரத்துப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்தது. "ஏ கழுதைகளா, குழம்புல புளிப்புக் கூடன்னு எனக்கு இங்கன இருந்தே மணக்குது. நாலு நா மோரா அது?" என்று திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்தாள். அவ்வளவுதான். மடை உடைந்தது. குழம்பிலிருந்து சீலைக்கும், சீலையிலிருந்து மாமியாருக்கும், மாமியாரிலிருந்து வைகுண்டராஜ் தலையில் பூசும் மைக்கும் பேச்சு தாவித் தாவி ஏறியது. ஜீப்பும் ஏறியது. மைதீன் வாய்க்குள் சிரித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பினார். தோள் இறங்கி, கை தளர்ந்து, பழைய ஆளாக இருந்தார்.

எல்லைச் சோதனைச்சாவடி கண்ணில் பட்டதும் சுருளியம்மாளுக்குப் பெட்டியின் நினைப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்தினாள். பின்னால் எல்லோரும் பொத்தினார்கள்.

மைதீனின் கால் பிரேக்கில் விழுந்தது.

டிங்.

அந்தச் சத்தம் அவர் காதில் வேறு மாதிரி விழுந்தது. இவ்வளவு நேரமும் அது கத்தவில்லையே? ஐந்தாவது வளைவுக்கு அப்புறம் ஒரு தடவைகூடக் கத்தவில்லையே? ரோட்டில் குண்டு குழி ஒன்றும் இல்லை. எதிரே வண்டி இல்லை. பேச்சு நின்றது, கால் மிதித்தது. ரஃபியாவின் குரல் எங்கிருந்தோ வந்தது. 'நான் வாய மூடுனா ஒங்க கை தன்னால நின்னுரும்.'

கர்ணனும் திரையை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நடுவுல நாலு கிலோமீட்டர் அம்புட்டு சுத்தமா ஓட்டியிருக்கீக. என்ன செஞ்சீக?"

சொன்னால் பெண்கள் பேசியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். "ஒண்ணும் செய்யல" என்றார். பிறகு, "தம்பி, நெசமாச் சொல்லு. இதுக்குக் காது இருக்கா?"

"காதா? மைக்கே கெடையாதுண்ணே. சத்தியமா."

"ஒஞ் சத்தியத்த நீயே வச்சுக்க."

சாயங்காலம் இறங்கும்போது கர்ணன் இல்லை. பாதி மலையில், பாறையிலிருந்து தண்ணீர் வடியும் இடத்தில் மைதீன் ஜீப்பை நிறுத்தினார். சுருளியம்மாளை மட்டும் பெட்டிக்கு எட்டாத தூரத்துக்கு அழைத்துப் போனார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீக. ஒங்க பேச்சக் கேட்டுத்தான் நான் வண்டி ஓட்டியிருக்கேன். பேச்சு நின்னா வேகம் கூடிப்போச்சுன்னு கால் நெனச்சுக்கிருது. அதான் மார்க்குப் போகுது."

சுருளியம்மாள் மோவாயில் கை வைத்தாள். "அடப்பாவி தம்பி! பதினோரு வருசமா ஒட்டுக் கேட்டுக்கிட்டா இருந்த? பெட்டிக்குக் காது இருக்கோ இல்லையோ, ஒனக்கு இருந்துருக்கே!"

"அடுத்த வாரந்தான் கடைசி வாரம். நீங்க பேசுனா நான் தப்பிச்சுருவேன். ஆனா அது கேட்டுச்சுன்னா நீங்க மாட்டிக்கிருவீக. அதான் பேசுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் குடோனுக்கே போயிருறேன்."

"நீ போனா எவன் வருவான்? செல்லப்பாண்டி வண்டியில எங்களையும் சேத்து அடைப்பாக. எலுமிச்சம்பழத்துக்கு எங்க போறது?" அவள் வடியும் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். "அதுக்குக் காது இருக்கா இல்லையான்னு ஒரு பொய்ய வச்சுப் பாத்துருவோம். வா."

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பெட்டியை நோக்கிக் குனிந்து, சந்தையில் விலை கூவுகிறவளைப்போல ஆரம்பித்தாள்.

"ஏ ராமுத்தாயி, கேட்டுக்க. திங்கக்கெழமலேருந்து நான் இந்தத் தோட்டத்துக்கு வரல. நெடுங்கண்டத்துப் பக்கம் ஒரு முதலாளி கூப்புட்டுருக்காக. பதினாலு பேரையும் நானே கூட்டிட்டுப் போறேன். சொல்றது புதுப்பட்டி சுருளியம்மா!"

பின்னால் இருந்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.  காய் பழுத்துக் கிடக்கிற நேரத்தில் பதினாலு ஆள் கழன்று போகிறது என்று கேட்டால் எந்த முதலாளியும் ராத்திரியோடு ராத்திரியாக ஜெயமங்கலம்வரை ஆள் அனுப்பி வேறு கூட்டம் பிடித்துவிடுவான். அவள் தன் பேரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லியிருந்தாள். மாட்டினால் தான் ஒருத்தி மட்டும் மாட்டுவதற்காக. அது மைதீனுக்குப் புரிந்தது.

ஞாயிறு முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து நின்றார்.

திங்கட்கிழமை பதினாலு பேரும் வழக்கம்போல ஏறினார்கள். கம்பம் ஊர் எல்லையை நெருங்கும்போது ரோட்டோரத்தில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு வைகுண்டராஜ் நின்றிருந்தார். கையை நீட்டி வண்டியை மறித்தார். எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினார். மைதீனும் மனசுக்குள் கூடவே எண்ணினார்.

"எல்லாரும் இருக்கீகல்ல?"

சுருளியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சார், வரமாட்டோம்னு யாராச்சும் சொன்னாகளா?"

"யாரு சொல்லணும்? மேல மழ ஊத்துதாம்." கேரியரில் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்தார். தலையில் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள்கள். "பதினாலு. ஆளுக்கு ஒண்ணு. கிழிச்சுட்டு வந்து இன்னொண்ணு கேக்கக் கூடாது."

ஜீப் நகர்ந்தது. நூறு அடி தள்ளிப் போனது. பிறகு சுருளியம்மாள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "வராத ஆளுக்கு எவனாச்சும் பதினாலு தாளு வாங்கிட்டு வருவானா? செவிடு தம்பி! உம் பொட்டி முழுச் செவிடு!"

"அவரு தலையப் பாத்தியா? காதுவரைக்கும் மை" என்று கடைசி சீட்டிலிருந்து ராமுத்தாய் எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரம் முழுவதும் அந்த ஜீப்பில் ஓய்ச்சல் இல்லை.

சனிக்கிழமை மைதீனுக்கு எண்பத்தாறு. செல்லப்பாண்டிக்கு எழுபத்தொன்பது. கடைசியாக வந்தவர் நாலாவது ஜீப் ஈஸ்வரபாண்டி, ஐம்பத்துமூன்று. அவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் குடோன் பக்கம் நடந்தார். மைதீனால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. பின்னால் ஓடிப்போய், "ஈஸ்வரா, பொட்டி வந்ததுலேருந்து ஒன் வண்டியில எது மாறுச்சு? நல்லா யோசிச்சுப் பாரு" என்று கேட்டார். ஈஸ்வரபாண்டி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜெயித்தவன் குத்திக்காட்டுகிறான் என்று நினைத்திருப்பார். திரும்பி நடந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மலை ஏறும்போது மைதீன் மெதுவாகக் கேட்டார்.

"ஏக்கா, எனக்கு ஒரு சந்தேகம். அது கேட்டுட்டு, நீங்க சொன்னது பொய்யின்னும் கண்டுபிடிச்சுட்டு, அதுக்கப்புறம் தாளு வாங்கியிருந்தா?"

"ஓட்டுய்யா பேசாம" என்றாள் சுருளியம்மாள்.

மூன்றாவது வளைவில் ஜீப் திடீரென்று ஊமையானது. முன்சீட்டிலிருந்து கடைசிவரை ஒரு சத்தம் இல்லை. மைதீனின் கால் எழும்பி பிரேக்கின் மேல் போய் நின்றது. அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஹேமாவதி ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பேச்சக் காணோம்?"

சுருளியம்மாள் கன்னம் புடைக்க அவரைப் பார்த்தாள். "வாயில பணியாரம்யா!"

மைதீன் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தார். வண்டி குலுங்காமல் வளைவைத் திரும்பியது. கையைப் பின்னால் நீட்டி, "எனக்கு ஒண்ணு குடுங்க" என்றார். வாங்கியவர், எதற்கும் இருக்கட்டும் என்று துண்டை எடுத்துப் பெட்டியின்மேல் போட்டுவிட்டுத்தான் கடித்தார்.